லைப்ரரி எதுவும் இல்லாமல் வலைப்பக்கத்தில் ஒரு மாதக் காலண்டர்

பள்ளிக்கோ, சங்கத்துக்கோ, கோயில் விழாக்குழுவுக்கோ வலைப்பக்கம் செய்து கொடுத்தால், கொஞ்ச நாளில் "இதில் ஒரு காலண்டர் போட முடியுமா?" என்று கேட்டுவிடுவார்கள். உடனே லைப்ரரி தேடிப் போகாதீர்கள். பழைய பதிவுகள் இன்னமும் சிபாரிசு செய்யும் மொமென்ட் ஜேஎஸ் என்ற தேதி லைப்ரரியை உருவாக்கியவர்களே, புதிய வேலைகளுக்கு அது வேண்டாம் என்று 2020-இல் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதத்தைக் கட்டம் கட்டிக் காட்ட, பிரவுசருக்குள் இருப்பதே போதும். எச்டிஎம்எல் பக்கத்தில் ஸ்கிரிப்ட் இணைக்கத் தெரிந்தவர்கள் மேலே படிக்கலாம்.

பக்கத்தில் வேண்டியவை: மாதப் பெயருக்கு ஒரு தலைப்பு, முன்னும் பின்னும் போக இரண்டு பொத்தான்கள், தேதிகளுக்கு ஒரு வெற்று டிவ். அந்த டிவ்வுக்கு சிஎஸ்எஸ் கிரிட்டில் ஏழு பத்திகள். ஒவ்வொரு பத்தியின் அகலத்தையும் வெறும் 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்று விடாமல், மின்மேக்ஸ் கொண்டு 0 முதல் 1 எஃப்ஆர் வரை என்று கொடுங்கள். இல்லாவிட்டால் 'கிருஷ்ண ஜெயந்தி' போன்ற நீளமான பெயர் விழும் பத்தி மட்டும் அகலமாகி, மற்றவை நசுங்கும்.

மாதத்தை வரைய இரண்டே எண்கள் தெரிந்தால் போதும்: 1ஆம் தேதி என்ன கிழமை, மொத்தம் எத்தனை நாள். ஆண்டையும் மாதத்தையும் இரண்டு தனி மாறிகளில் வையுங்கள். 'ஆண்டு', 'மாதம்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். மாத எண் மட்டும் 0-இல் தொடங்கும். ஜனவரி 0, டிசம்பர் 11. ஜாவாவின் பழைய டேட் வகுப்பை 1995-இல் அப்படியே கொண்டுவந்ததில் ஒட்டிக்கொண்ட வழக்கம் இது.

நியூ டேட்டுக்கு ஆண்டு, மாதம், 1 மூன்றையும் கொடுத்து, கெட்-டே கேட்டால் கிழமை வரும்: ஞாயிறு 0, சனி 6. அதோடு 1 கூட்டி, முதல் தேதிக் கட்டத்தின் கிரிட்-காலம்-ஸ்டார்ட்டாகக் கொடுங்கள். மற்ற தேதிகள் தாமாக வரிசையில் நிற்கும். வெற்றுக் கட்டங்களை எண்ணி நிரப்பும் வேலையே கிடையாது.

நாட்களின் எண்ணிக்கைக்கு மாதத்தில் 1 கூட்டி, தேதியாக 0 கொடுங்கள். அடுத்த மாதத்தின் 0ஆம் தேதி என்றால் இந்த மாதத்தின் கடைசித் தேதி. கெட்-டேட் கேட்டால் 28, 29, 30, 31-இல் சரியானது வரும். லீப் ஆண்டுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். அப்புறம் 1 முதல் அந்த எண் வரை லூப் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உருவாக்கிச் சேர்க்க வேண்டியதுதான். ஒவ்வொரு முறை வரைவதற்கு முன்னும் பழைய கட்டங்களை நீக்கிவிடுங்கள். கட்டத்தின் உயரத்தை வரிசைகளை எண்ணி முடிவு செய்ய வேண்டாம்: 2026 பிப்ரவரி நான்கே வரிசையில் அடங்கும், அதே ஆண்டின் ஆகஸ்டுக்கு ஆறு வேண்டும்.

பொத்தான்களில், டேட்டின் மாதத்தை மாற்றும் செட்-மந்த்தைப் பயன்படுத்தாதீர்கள். கையில் ஜனவரி 31 இருக்கும்போது மாதத்தை பிப்ரவரியாக மாற்றினால், பிப்ரவரி 31 இல்லாததால் மார்ச்சுக்குத் தாவிவிடும். மாதக் கடைசியில் மட்டும் தலைகாட்டும் பிழை என்பதால் சோதனையில் அகப்படாது. ஆண்டையும் மாதத்தையும் தனியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாதத்தில் 1 கூட்டுங்கள். 12 ஆகிவிட்டால் அதை 0 ஆக்கி ஆண்டில் 1 கூட்டுங்கள். பின்னால் போக இதைத் திருப்பிச் செய்யுங்கள்.

இனி விடுமுறைகளைக் குறிப்பது. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். '2026-08-15' போன்ற சாவிக்கு எதிரே 'சுதந்திர தினம்' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பீர்கள். கட்டத்தின் தேதியிலிருந்து அந்தச் சாவியைப் பெற, இணையத்தில் கிடைக்கும் பல மாதிரிகள் டூ-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங்கை அழைத்து முதல் பத்து எழுத்துகளை வெட்டிக்கொள்ளச் சொல்கின்றன. நம் ஊரில் அது ஒரு நாள் தப்பாக வரும். அந்த ஃபங்ஷன் தருவது உலகப் பொது நேரம். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே ஆகஸ்ட் 14 மாலை 6.30. விளைவு, 'சுதந்திர தினம்' 16ஆம் தேதிக் கட்டத்தில் போய் உட்காரும். நியூயார்க் பொது நேரத்துக்குப் பின்னால் இருப்பதால், அதே நிரல் அங்கே சரியாகவே ஓடும். அங்கிருந்து எழுதுபவர் கண்ணில் இது படவே படாது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எங்கிருந்து பார்த்தாலும் நம் கதைதான். அதனால் சாவியை நீங்களே கட்டுங்கள்: ஆண்டு, மாதத்தோடு 1, தேதி, பின்னிரண்டையும் பேட்-ஸ்டார்ட் கொண்டு இரண்டு இலக்கமாக்கி, நடுவே கோடு போட்டு ஒட்டினால் முடிந்தது.

இன்றைய தேதிக்கு வண்ணம் கொடுக்கவும் இதே சாவிதான். இரண்டு டேட் ஆப்ஜெக்ட்களைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒருபோதும் சமம் என்று வராது.

கிழமைப் பெயர்களுக்கு, பல மொழிகளில் தேதி எழுதித் தரும் பிரவுசர் வசதியான இன்டல்லிடம் (Intl) 'டிஏ-ஐஎன்' என்ற தமிழ்க் குறியீட்டைக் கொடுத்துக் கேட்டால் தமிழிலேயே தரும். ஆனாலும் ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று கையால் ஒரு அரே எழுதி வைப்பதையே நான் விரும்புகிறேன். கைபேசியின் சின்னக் கட்டத்தில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பது நமக்குத்தானே தெரியும்.

பின்சேர்க்கை: தமிழ் மாதத் தேதியும் வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். இன்டல்லில் 'இந்தியன்' என்று ஒரு காலண்டர் இருக்கிறது, அதை எடுக்காதீர்கள். அது மார்ச் 22 அல்லது 21-இல் ஆண்டு தொடங்கும் சக தேசிய நாட்காட்டி, நம் சித்திரைக் கணக்கு அல்ல. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து அமைவதால் 29 முதல் 32 நாள் வரை இருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மாதங்களில் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். உங்கள் ஊர் கோயில் பின்பற்றும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதப் பிறப்புத் தேதிகளையும் விடுமுறைப் பட்டியல் போலவே எழுதி வையுங்கள். மாதம் பிறக்கும் நாளுக்கு 1 கொடுத்து, அடுத்த பிறப்பு வரும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.