சராசரி முதல் வீச்சு வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

8, 3, 11, 3, 6. இந்த ஐந்து எண்களின் இடைநிலை அளவு என்ன என்று கேட்டால், நடுவில் நிற்கும் 11ஐக் காட்டுபவர்கள் நிறையப் பேர். அது நடுவில் இருப்பது உண்மைதான். ஆனால் அது எழுதிய வரிசையின் நடு. இந்தத் தொகுப்பிலேயே மிகப் பெரிய எண் எப்படி இடைநிலை அளவாகும்? 3, 3, 6, 8, 11 என்று ஏறுவரிசையில் அடுக்கினால்தான் நடு எண் 6 என்பது தெரியும். இறங்குவரிசையில் அடுக்கினாலும் அதேதான் வரும். அடுக்காமல் விடுவதுதான் தவறு.

அடுக்கும்போதே இன்னொரு தவறு உள்ளே நுழைகிறது. 3 இரண்டு முறை வருகிறதே, ஒரு முறை எழுதினால் போதாதா என்று தோன்றும். போதாது. ஒரு 3ஐ விட்டுவிட்டால் நான்கு எண்களே மிஞ்சும். இடைநிலை அளவு 7 ஆகிவிடும், 6.2 ஆக இருந்த சராசரியும் 7 ஆகிவிடும், அதிக முறை வரும் எண்ணான முகடு காணாமலே போய்விடும். அடுக்கி முடித்ததும் மொத்தம் எத்தனை எண்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது சூத்திரத்தால் வரும் வினை. எண்ணிக்கையோடு 1ஐக் கூட்டி 2ஆல் வகுக்கச் சொல்கிறார்கள்; ஐந்து எண்களுக்கு 3 வருகிறது. அது மூன்றாவது இடத்தைக் குறிக்கிறது, 3 என்ற மதிப்பை அல்ல. நம் தொகுப்பில் 3 என்ற எண்ணும் இருந்து தொலைப்பதால், தவறான விடை பார்ப்பதற்குச் சரியானது போலவே இருக்கும். தொகுப்பில் 40ஐயும் சேர்த்து ஆறு எண்கள் ஆக்கினால் சூத்திரம் 3.5 தரும். அதன் பொருள், மூன்றாவது எண்ணான 6க்கும் நான்காவது எண்ணான 8க்கும் நடுவே என்பது. ஆகவே இடைநிலை அளவு 7. அந்த 7 தொகுப்பில் இல்லையே என்று பதற வேண்டாம். இடைநிலை அளவு தொகுப்பில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முகட்டுக்கு அந்தக் கட்டாயம் உண்டு. அதிக முறை வரும் மதிப்புதான் முகடு. அது எத்தனை முறை வந்தது என்பது முகடு அல்ல. 3 இரண்டு முறை வந்தால் முகடு 3. 2 என்று எழுதக் கூடாது. எல்லா எண்களும் ஒரே ஒரு முறை வந்தால் முகடு இல்லை என்று எழுத வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் அது வேறு விடை. 2, 2, 5, 9, 9 என்ற தொகுப்புக்கு 2, 9 என இரண்டு முகடுகள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 5.5 என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறைகூட வராத எண் அது!

சராசரியில் கூட்டல் பிழையைவிட அதிகம் ஏமாற்றுவது கால்குலேட்டர். 8+3+11+3+6÷5 என்று ஒரே மூச்சில் அழுத்தினால், பல கருவிகள் கடைசி 6ஐ மட்டும் 5ஆல் வகுத்து 26.2 என்று காட்டும். கூட்டுத்தொகையை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், அல்லது கூட்டி முடித்துச் சமக்குறியை அழுத்திய பிறகு வகுக்க வேண்டும். இங்கே கைகொடுக்கும் சோதனை ஒன்று உண்டு: சராசரி எந்தத் தொகுப்பிலும் மிகச் சிறிய எண்ணுக்குக் கீழேயோ மிகப் பெரிய எண்ணுக்கு மேலேயோ போகாது. 11ஐத் தாண்டாத எண்களுக்கு 26.2 எப்படிச் சராசரியாகும்?

அட்டவணை வந்தால்

எண்களை வரிசையாகக் கொடுக்கும்வரை தப்பித்தவர்களும், ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வந்தது என்று காட்டும் நிகழ்வெண் அட்டவணையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வகுப்பில் 25 மாணவர்கள் ஒரு மாதத்தில் படித்த புத்தகங்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். 0 புத்தகம் 4 பேர், 1 புத்தகம் 7 பேர், 2 புத்தகம் 9 பேர், 3 புத்தகம் 3 பேர், 4 புத்தகம் 2 பேர்.

நிகழ்வெண்களைக் கூட்டி, 25ஐ 5 வரிசைகளால் வகுத்து, சராசரி 5 என்பார்கள். அதிகம் படித்தவரே 4 புத்தகம்தான் படித்திருக்கிறார். முன்பு சொன்ன சோதனையிலேயே இது அடிபட்டுப் போகிறது. முகடு 9 என்பார்கள். அது ஆட்களின் எண்ணிக்கை, முகடு 2. வீச்சு என்பது மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் வருவது. அதை 9 − 2 = 7 என்பார்கள்; அதுவும் ஆட்களைக் கழித்த கணக்கு, சரியான வீச்சு 4 − 0 = 4. இடைநிலை அளவு காண 25 பேரில் பதின்மூன்றாமவரைத் தேட வேண்டும். முதல் இரண்டு வரிசைகளில் 11 பேர், மூன்றாவதையும் சேர்த்தால் 20 பேர். ஆகவே அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், விடை 2.

சராசரிக்கு ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்வெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 0 + 7 + 18 + 9 + 8 = 42. வகுக்க வேண்டியது 25ஆல். விடை 1.68. ஒன்றும் படிக்காத நால்வர் கூட்டுத்தொகைக்கு எதுவும் சேர்க்கவில்லையே என்று அவர்களை விட்டுவிட்டு 21ஆல் வகுத்தால், 2 என்ற முழு எண் வந்து நம்மை நம்ப வைத்துவிடும். பூஜ்யமும் ஒரு பதிவுதான். எக்செல்லில் இந்தத் தவறு சத்தமில்லாமல் நடக்கும். அதன் சராசரிக் கட்டளை காலிக் கட்டங்களைக் கணக்கில் எடுக்காது, 0 உள்ள கட்டங்களை எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தை எழுதச் சோம்பிக் கட்டத்தைக் காலியாக விட்டால் சராசரி மாறிவிடும்.

சராசரிகளின் சராசரி

40 பேர் உள்ள வகுப்பின் சராசரி மதிப்பெண் 60. 10 பேர் உள்ள வகுப்பின் சராசரி 90. இரண்டும் சேர்ந்தால் 75 அல்ல. மொத்த மதிப்பெண் 2400 + 900 = 3300; 50 பேருக்குப் பகிர்ந்தால் 66. அதே போல, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 120 கிலோமீட்டர் போய், 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 50 அல்ல. போக 2 மணி, வர 3 மணி. 240ஐ 5ஆல் வகுத்தால் 48. மெதுவாகப் போன பயணத்தில்தான் அதிக நேரம் கழிந்திருக்கிறது. இடைநிலை அளவுகளை இப்படிக்கூடச் சேர்க்க முடியாது. இரண்டு குழுக்களின் இடைநிலை அளவுகள் மட்டும் தெரிந்தால், சேர்ந்த குழுவின் இடைநிலை அளவைச் சொல்ல வழியில்லை. மூல எண்கள் வேண்டும்.

வீச்சு எளிது. −4க்கும் 9க்கும் இடையே 13 என்பதை 5 என்று எழுதாமல் இருந்தால் சரி. ஆனால் 10 பேரிடம் எடுத்த வீச்சையும் 1000 பேரிடம் எடுத்த வீச்சையும் ஒப்பிட்டு முடிவு கட்டக் கூடாது. புதிய எண் சேரச் சேர வீச்சு அப்படியே இருக்கும் அல்லது கூடும், ஒருநாளும் குறையாது.

விடை சரி, புரிதல் தவறு

மேலே சொன்னவற்றையெல்லாம் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திவிடுவார். இனி வருபவற்றைத் திருத்த ஆள் கிடைப்பது கடினம்.

நம் தொகுப்பில் 40 சேர்ந்ததும் இடைநிலை அளவு 6லிருந்து 7க்கு நகர்ந்தது. சராசரியோ 6.2லிருந்து கிட்டத்தட்ட 11.8க்குப் பாய்ந்துவிட்டது. ஆறு எண்களில் ஐந்து இப்போது சராசரிக்குக் கீழே. பாதிப் பேர் சராசரிக்கு மேலே, பாதிப் பேர் கீழே என்று சொல்பவர்கள் இடைநிலை அளவின் குணத்தைச் சராசரிக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். சிலரிடம் மட்டும் மிக அதிகமாகக் குவியும் வருமானம் போன்றவற்றுக்கு இடைநிலை அளவு பொருந்துவது இதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் சிலர் எதிர்த்திசையில் போய், சராசரியே பொய் என்று பேசத் தொடங்குகிறார்கள். மொத்தம் தேவைப்படும் இடத்தில் சராசரியை விட்டால் வேறு வழியில்லை. ஒருவரின் சராசரித் தண்ணீர்ச் செலவை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத் தேவை கிடைக்கும். இடைநிலை அளவைப் பெருக்கினால் எதுவும் கிடைக்காது. துருத்திக்கொண்டு நிற்கும் 40ஐ உடனே அடித்துவிடவும் கூடாது. 4 என்று எழுத வேண்டியதை 40 என்று எழுதிவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். உண்மையான பதிவு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இடைநிலை அளவைத் தவறாகப் படிப்பதும் உண்டு. தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கண்டுபிடித்த பின் நோயாளிகள் உயிர்வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று மருத்துவ நூல்கள் சொல்லின. இதைப் படிக்கும் பலரும் இன்னும் எட்டு மாதம்தான் என்றே எடுத்துக்கொள்வார்கள். எண்களோடு பழகிய கூல்ட் வேறு விதமாகப் படித்தார்: பாதிப் பேர் எட்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். கீழ்ப் பாதி பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்க, மேல் பாதி பல ஆண்டுகளுக்கு நீள இடம் இருக்கிறது. வயது, நோயின் நிலை, சிகிச்சை ஆகியவற்றைப் பார்த்து, தாம் அந்த நீண்ட பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்து, 1985இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். 2002இல் அவர் இறந்தது வேறொரு புற்றுநோயால்.