இருவராக ரயிலில் ஐரோப்பா: செட்டிநாட்டிலிருந்து கிளம்புவோருக்கு

அறுபதாம் கல்யாணமான சாந்தி கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் பெற்றோரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைப்பது இப்போது காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் வழக்கமாகி வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் குழுவாகப் பேருந்தில் சுற்றும் பயணத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். பதினான்கு நாளில் எட்டு நாடு என்று ஓடித் திரும்பியவர்களிடம் கேட்டால், பார்த்த ஊரின் பெயரைவிடப் பெட்டி கட்டிய களைப்புதான் நினைவிலிருக்கிறது. கணவனும் மனைவியும் மட்டுமாக ரயிலேறிப் போவது இதைவிட எளிது என்பதை நானும் என் மனைவியும் இரண்டு முறை போய்வந்து உணர்ந்திருக்கிறோம். அந்தப் பயணத்தில் தொல்லை வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்துதான்: ஒன்று கையில் இருக்கும் சுமை, மற்றொன்று மாறவேண்டிய வண்டிகளின் எண்ணிக்கை. இவ்விரண்டையும் குறைத்தால் மொழியோ உணவோ பெரிய தடையாக நிற்பதில்லை.

மூன்று வாரம் இருந்தால் நான்கு ஊர்கள் போதும். ஜெர்மனியின் கொலோன், சுவிட்சர்லாந்தின் லூசர்ன், இத்தாலியின் வெனிஸ், ஆஸ்திரியாவின் வியன்னா என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை. விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்பும்படி சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போன வழியிலேயே திரும்பி வர ஒரு நாளும் ஒரு கட்டணமும் வீணாவது இதனால் மிச்சமாகும். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கொலோனுக்கு அதிவேக வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒவ்வோர் ஊரிலும் நான்கைந்து இரவு தங்கி, பெட்டியை அறையில் வைத்துவிட்டுச் சுற்றுவட்டாரத்துக்கு ரயிலில் போய் மாலையில் திரும்பலாம். கொலோனிலிருந்து ஒரு மணி நேரத்தில் பெல்ஜியத்தின் லியேஜ் வந்துவிடும். நம் வீட்டு வளவிலும் பட்டாலையிலும் பெல்ஜியம் கண்ணாடியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அங்கே போக ஒரு காரணம் உண்டு: லியேஜுக்கு அருகிலுள்ள செராங்கில்தான் 1826இல் வால் செயின்ட் லாம்பர்ட் படிகக் கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது.

விசா வேலையைப் பயணத்துக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது பயணத்துக்குக் குறைந்தது பதினைந்து நாளாவது இருக்கவேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பம் போகவேண்டும் என்பதால், விடுதி முன்பதிவுகளை எடுத்துவைத்து இரவுகளை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருப்பதால் இந்த விசாவே அங்கும் செல்லும். லண்டன் போக நினைத்தால் அதற்குத் தனி விசா.

நம் பக்கத்தவர் தவறாமல் கவனிக்கவேண்டியது பெயர். வீட்டு விலாசத்து எழுத்துகள் (இனிஷியல்) மூன்று நான்கைப் பெயருக்கு முன் போட்டுப் பழகியவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் அவை விரித்து எழுதப்பட்டிருக்கும். ரயில் சீட்டு, பாஸ் (பல நாள் ரயிலேறப் பயன்படும் ஒரே சீட்டு), காப்பீடு, விடுதி என எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதுங்கள். ரயிலில் சீட்டுச் சோதகர் பாஸையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இறங்கும் நாளில் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவுச் சீட்டை எடுக்காதீர்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அன்றைய ஒரு பயணத்துக்கு மட்டும் எந்த வண்டியிலும் ஏறக்கூடிய சீட்டை, விலை கூடினாலும், எடுப்பதே மனநிம்மதி.

பாஸ் எடுப்பதா, தனித்தனிச் சீட்டா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். தேதிகள் உறுதியாகத் தெரிந்து, நெடும்பயணம் நான்கே என்றால், அந்தந்த நாட்டு ரயில்வேயின் வலைத்தளத்தில் இரண்டு மூன்று மாதம் முன்பே தனிச்சீட்டு எடுப்பது பெரும்பாலும் மலிவு. போகப்போக முடிவு செய்யும் இயல்புடையவர்களுக்கும், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளில் அடிக்கடி வண்டி ஏறுபவர்களுக்கும் யூரெய்ல் பாஸ் நல்லது. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்கான பாஸ் அது. இன்டர்ரெய்ல் என்பது அங்கே வசிப்பவர்களுக்கானது, மாற்றி வாங்கிவிடக் கூடாது. அறுபது நிறைந்தவர்களுக்கு யூரெய்லில் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலே உட்கார இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக வண்டிகள், யூரோஸ்டார் ஆகியவற்றில் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான வண்டிகளில் அது கட்டாயமில்லை, இருந்தாலும் இருவர் சேர்ந்து உட்காரவேண்டுமானால் சில யூரோ கொடுத்துப் பதிவு செய்வதே நல்லது.

லூசர்னில் தங்கும் நாட்களுக்கு மட்டும் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்துக்கொள்வதை நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். 3, 4, 6, 8, 15 நாட்களுக்கு அது கிடைக்கிறது. ரயிலோடு ஏரிப் படகுகளும் ஊர்ப் பேருந்துகளும் அதில் அடங்கும். லூசர்ன் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே படகுத்துறை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் போய் விட்ஸ்னாவ் என்ற கரையில் இறங்கினால், ரிகி மலைக்கு ஏறும் பற்சக்கர ரயில் காத்திருக்கும். 1871இல் ஓடத் தொடங்கிய அதுதான் ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில். படகு, மலை ரயில் இரண்டுக்கும் பாஸே போதும். பனிமலை மேலுள்ள யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்கு அப்படியில்லை, அதற்குப் பெருந்தொகை தனியாகக் கொடுக்கவேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பற்சக்கர ரயிலில் போனவர்களுக்கு ரிகி ஏற்றம் பழகியதுபோல இருக்கும். நம் நீலகிரி ரயிலில் பற்சக்கரம் கடித்தேறும் பற்சட்ட முறையை வகுத்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ் பொறியாளர்தான்.

வகுப்பைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் வகுப்பே தாராளமாகப் போதும். ஆனால் முதல் வகுப்பில் ஒரு பக்கம் இரண்டு இருக்கைகளும் மறுபக்கம் ஒற்றை இருக்கைகளுமாக இருப்பதால், ஒற்றைப் பக்கத்தில் எதிரெதிராக, நடுவே மேசையோடு உள்ள இரண்டு இருக்கைகளைப் பதிவு செய்தால் கணவன் மனைவி இருவருக்குமே சன்னல் கிடைக்கும். நெடும்பயணம் ஒன்றுக்காவது அந்தச் செலவைச் செய்யலாம்.

வேகமான வண்டியே நல்ல வண்டி என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கொலோனிலிருந்து தெற்கே போக அதிவேகப் பாதை ஒன்றும் ரைன் ஆற்றங்கரைப் பழைய பாதை ஒன்றும் இருக்கின்றன. கோப்லென்ஸ், மைன்ஸ் வழியாகச் செல்லும் பழைய பாதை வண்டியைத் தேடி எடுங்கள். தெற்கு நோக்கிப் போகையில் ஆறு இடப்பக்கம் வரும். கோப்லென்ஸ் தாண்டியதிலிருந்து பிங்கன் வரை மலைச்சரிவில் திராட்சைத் தோட்டமும் கோட்டையுமாக வந்துகொண்டே இருக்கும், அந்த நேரத்தில் தூங்கிவிடக் கூடாது. அதேபோல லூசர்னிலிருந்து மிலான் போகும் விரைவு வண்டிகள் 2016இல் திறக்கப்பட்ட, 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிச்சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். உலகின் மிக நீண்ட ரயில் சுரங்கத்தைக் கடந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. நேரம் இருந்தால் 1882இல் திறந்த பழைய மலைப்பாதை வண்டியில் பெலின்சோனா வரை போய் அங்கே மாறுங்கள். வண்டி மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் வாசன் ஊரின் தேவாலயம் மூன்று வெவ்வேறு உயரங்களில் மூன்று முறை கண்ணில் படும். இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால் சூர், திரானோ வழியாக பெர்னினா பாதையில் இத்தாலிக்குள் இறங்கலாம். 2,253 மீட்டர் உயரம் வரை பற்சட்டமே இல்லாமல் ஏறும் பாதை அது. அகலச் சன்னல் வைத்த சிறப்பு வண்டிக்கு முன்பதிவு வேண்டும், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிக்கு வேண்டியதில்லை. வெனிஸிலிருந்து வியன்னா போகும் நேரடிப் பகல் வண்டி பகலின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். இரவு வண்டியும் உண்டு, இருவர் மட்டும் படுக்கும் அறையும் அதில் கிடைக்கும். இருந்தாலும் பகலில்தான் போகவேண்டும் என்பேன், ஏனென்றால் 1854இல் திறந்த ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப்பாதையைக் காணாமல் விடுவது பெரிய இழப்பு.

சுமைக்கு வருவோம். அந்த நாட்டு நிலையங்களில் நம் ஊர்போலச் சுமைதூக்குபவர்கள் பெரும்பாலும் கிடைக்கமாட்டார்கள், தூக்குவது நீங்கள்தான். ஆளுக்கு ஒரு சக்கரப்பெட்டி, எட்டிலிருந்து பத்துக் கிலோ, தோளில் ஒரு சிறு பை, அவ்வளவே. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, கட்டிய பெட்டியோடு காரைக்குடி நிலையத்து மேம்பாலத்தை இரண்டு முறை நிற்காமல் ஏறி இறங்கிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பெட்டியிலிருந்து எதையாவது எடுத்து வீட்டில் வையுங்கள். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிகள் என்பதால், விடுதியை நிலையத்துக்கோ படகுத்துறைக்கோ பக்கத்தில் எடுப்பது அங்கே மிக முக்கியம். அங்கே இரண்டு நிலையங்கள் உண்டு. மெஸ்ட்ரே கரையில் இருக்கிறது, சாந்தா லூசியா தீவில் இருக்கிறது. செட்டிநாடு நிலையத்துச் சீட்டை வைத்துக்கொண்டு காரைக்குடியில் இறங்கிவிட்ட கதையாக ஆகாமல் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கொலோனிலும் சில அதிவேக வண்டிகள் தலைமை நிலையத்துக்கு வராமல் ஆற்றுக்கு மறுகரையில் உள்ள டொய்ட்ஸ் நிலையத்திலேயே நின்றுவிடும்.

நடைமேடையில் ஏ, பி, சி என்ற எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் ரயில்பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்பதை அறிவிப்புத் திரையில் பார்த்து, வண்டி வருமுன்பே அங்கே போய் நில்லுங்கள். நிறுத்தம் சில நிமிடமே. கதவு தானாகத் திறக்காவிட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். இத்தாலியில் பிராந்திய வண்டிக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும், மறந்தால் அபராதம்.

சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். எங்கள் முதல் பயணத்தில் இது தெரியாமல், அவசரத்தில் கிடைத்த கதவில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். பக்கத்து இருக்கைப் பெண்மணி எங்கள் சீட்டைப் பார்த்துச் சொல்லியிராவிட்டால், தெரியாத ஏதோ ஓர் ஊரில் இறங்கி நின்றிருப்போம். ரயில்பெட்டியின் வெளிப்பக்கத் திரையில் எழுதியுள்ள ஊரைப் பார்த்தே ஏறவேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டோம்.

இருவரில் ஒருவர் ஏறி மற்றவர் நடைமேடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஏறியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்த நடைமேடையை விட்டு நகராமல் நிற்பது. விடுபட்டவர் அடுத்த வண்டியில் அங்கே வருவது என்பது எங்கள் ஏற்பாடு. இந்த ஏற்பாடு நடக்கவேண்டுமானால் இருவரிடமும் தனித்தனியே கைபேசி, இணைய வசதி, சிறிது பணம், தங்கும் விடுதியின் பெயர் எழுதிய தாள் ஆகியவை இருக்கவேண்டும். இரண்டு யூரெய்ல் பாஸ்களையும் ஒரே கைபேசியில் ஏற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்று கணவரின் கைபேசியிலேயே இரண்டையும் வைத்துக்கொள்வதைப் பல தம்பதியர் செய்கிறார்கள். பிரிந்த நேரத்தில் மனைவி சீட்டில்லாப் பயணியாகிவிடுவார். அவரவர் பாஸ் அவரவர் கைபேசியில்தான் இருக்கவேண்டும். வண்டியை, நடைமேடையைத் தேடும் வேலையையும் ஒருவரே எப்போதும் செய்யாமல் நாள்முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அவசர எண் 112.

உணவில் ஒரு கண்டிப்பு உண்டு. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே உப்புக்கண்டம், நெய், பால்கோவா எதுவும் பெட்டியில் ஏறக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. வெண்ணெய் சேர்க்காமல் எண்ணெயில் சுட்ட தேன்குழலும் மணகோலமும், பருப்புப்பொடியும் போதும். சமையலறை உள்ள குடியிருப்பாக எடுத்தால் அரிசி அங்கேயே கிடைக்கும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் திறந்திருக்கும். அன்றைய தேவைக்கு அங்கே போங்கள்.

வண்டி தாமதமானால் பதற்றப்படவேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேருமிடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனால் சீட்டு விலையில் கால்பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் பாதியும் திரும்பக் கேட்கலாம். கட்டுக்கடங்காத இயற்கைச் சீற்றம் போன்றவை இதற்கு விலக்கு. வண்டி மாறும் இடங்களில் குறைந்தது அரை மணி நேர இடைவெளி வைத்துச் சீட்டு எடுங்கள். வலைத்தளம் எட்டு நிமிட இடைவெளியைக்கூடக் காட்டும், நம் வயதுக்கு அது ஆகாது.

மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் மாலை வண்டியில் வந்திறங்கினாலும் விடுதியைத் தேட இருட்டில் அலைய வேண்டியதில்லை. திரும்பும் விமானம் எந்த நேரத்தில் இருந்தாலும் அதற்கு முந்தைய இரவு வியன்னாவிலேயே தங்கியிருங்கள். விமானத்தன்று காலையில் வேறு நாட்டிலிருந்து ரயிலேறி வரும்படி திட்டமிடாதீர்கள்.