பூச்சி மட்டும் கேட்ட தாடி ஓணானைக் கீரைக்குப் பழக்கியது

ஆஸ்திரேலியச் சாதியான எங்கள் தாடி ஓணானுக்குப் (பியர்டட் டிராகன்) பாளையங்கோட்டை வெயில் ஒத்துப்போனது, கீரைதான் இறங்கவில்லை, பூச்சிக்கே அடம். வளர்ந்த ஓணானுக்குச் சாப்பாட்டில் பெரும்பகுதி கீரையாக இருக்க வேண்டும். அதனால் காலையில் அதன் உடம்பு சூடேறியதும், பூச்சி கண்ணில் படுவதற்கு முன்பே, பொடியாக நறுக்கிய முருங்கை இலை மேல் செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டு வைத்தேன். சிவப்பைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து நாக்கை நீட்டியது, இதழோடு ஒட்டிக்கொண்டு கீரையும் உள்ளே போனது. (ஓணானுக்குப் பூவா என்று ஆச்சி இன்னும் கேட்கிறாள்.)

பாலக் தினமும் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டி, மத்தியானத்துக்கு மேல்தான் கொடுக்கிறேன். அப்புறம், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, கால்சியம் உடம்பில் சேரத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.