ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்கு இரவு 2 மணி குறிக்காதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி அலுவலகங்களில் நெட்வொர்க் பார்க்க வரும் புதியவர்கள் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். லைசென்ஸ் காலாவதியெல்லாம் அவர்களுக்கே தெரியும். கோட்டை விடுவது நேரம் குறிப்பதில்.

இரவு 2 மணி

யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று 40 கம்ப்யூட்டருக்கும் இரவு 2 மணியைக் குறிக்கிறார்கள். இடிக்குப் பயந்து மாலையிலேயே மெயின் சுவிட்சை இறக்கிவிடும் அலுவலகங்கள் இங்கே நிறைய. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். 2 மணிக்கு ஒரு மெஷினும் விழித்திருக்காது. 'தவறிய வேலையை ஆன் ஆனதும் செய்' என்ற கட்டத்திலும் டிக் போட்டிருப்பார்கள். காலை 9 மணிக்குப் பவர் பட்டனை அழுத்தியதும் நாற்பதும் ஒன்றாக இணையத்தில் பாயும்.

கணக்குப் போடுங்கள். பல நாள் பின்தங்கிய மெஷினுக்குச் சிறு கோப்பு போதாது, முழுத் தொகுப்பையே கேட்கும். அது 100 எம்பி என்றால் மொத்தம் 4 ஜிபி. 10 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 55 நிமிடம். தேயிலை ஆலை அலுவலகத்தில் அது ஏல நாளாக இருந்தால், குன்னூர் மின் ஏலத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், விலை தெரியாது. "அந்த ஆன்டிவைரஸை நிறுத்துங்க தம்பி" என்பார் மேனேஜர். அவசரத்தில் நிறுத்தியதை யாரும் திரும்பப் போடுவதில்லை. மாதக்கணக்கில் காப்பே இல்லாமல் அந்த மெஷின் ஓடும். இத்தனைக்கும் இது தவிர்க்கக்கூடிய தவறு என்பதுதான் எரிச்சல்.

யுபிஎஸ்ஸில் இரவும் ஓடும் சர்வர் ஒன்று மட்டும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்திலிருந்து வாங்கட்டும். மற்றவை அதனிடம் எடுக்கட்டும். ஜிகாபிட் சுவிட்சில் அந்த 4 ஜிபி ஓரிரு நிமிட வேலை. மெஷின்களுக்குக் காலை 10, மாலை 3 என இரு வேளை, எல்லாம் ஒன்றாகப் பாயாதபடி ஒவ்வொன்றுக்கும் 60 நிமிடத்துக்குள் ரேண்டம் இடைவெளி. தவறிய வேலைக்கும் 30 நிமிட ரேண்டம் தாமதம் வையுங்கள். கூடலூரில் கிளை இருந்தால் அங்குள்ள மற்ற மெஷின்களுக்கு அப்டேட்டைக் கொடுக்க அங்கேயே ஒரு மெஷினை ஒதுக்குங்கள்.

எல்லா மெஷினுக்கும் ஒரே நாளில்

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் 5958 எண் வைரஸ் பட்டியல் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. நெட்வொர்க்கும் போனதால் தீர்வைத் தூரத்திலிருந்து அனுப்ப வழியில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. ஏஜென்ட்டின் (மெஷினில் ஓடும் அவர்களது மென்பொருளின்) புதிய பதிப்பைத் தள்ளி வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அந்தக் கோப்பைத் தள்ளிப்போட அப்போது செட்டிங்கே இல்லை. உங்கள் மென்பொருளில் எதைத் தள்ளிப்போடலாம் என்று முதலில் பாருங்கள். சோதனைக்கு 3 மெஷினில் முதலில் போடுங்கள்; மற்றவற்றுக்கு வைரஸ் பட்டியலை 4 மணி நேரம், இன்ஜின் (ஸ்கேன் செய்யும் மென்பொருள்) பதிப்பை ஒரு வாரம் கழித்து விடுங்கள். மூலையில் சும்மா கிடப்பது உதவாது. டாலியும் பழைய பிரிண்டரும் ஓடும் மெஷின் ஒன்று அதில் இருக்கட்டும்.

கடிகாரம்

மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போகும். சான்றிதழ் செல்லாது என்று டவுன்லோடு நிற்கும். லைனைக் குறை சொல்லும் முன் தேதியைப் பாருங்கள்.

அப்டேட்டோடு முழு ஸ்கேன்

வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க் உறைந்துவிடும்.

பச்சை டிக்

ஆன்டிவைரஸ் நிர்வாகத் திரையில் மெஷின் பெயருக்கு எதிரே தெரியும் பச்சை டிக், கடைசியாகத் தகவல் வந்த நாளின் நிலை மட்டுமே. திங்கள்தோறும் வைரஸ் பட்டியலின் தேதிப்படி வரிசைப்படுத்தி, 7 நாளுக்கு மேல் பழையதை நேரில் போய்ப் பாருங்கள்.