டிரஸ்ட்டில் சம்பளம் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

காட்பாடியில் உட்கார்ந்து பதினைந்து வருடமாக டிரஸ்ட்டுகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதுகிறேன். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது லட்சம் லட்சமாகக் கூசாமல் கேட்பவர்கள், சொந்த ஊழியரின் சம்பளம் என்று வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அதெல்லாம் பேசி முடிச்சுட்டோம் சார்." யார் பேசினார்கள், எப்போது பேசினார்கள் என்று, கூட்டத்தில் எடுத்த முடிவுகளை எழுதும் மினிட் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வரி இருக்காது. நான் பார்த்த சம்பளத் தகராறுகளில் முக்கால்வாசி இந்தக் கூச்சத்தில் ஆரம்பித்தவைதான்.

முதல் தவறு எல்லோருக்கும் தெரிந்தது: "இது சேவைங்க" என்று சொல்லியே தொகையைக் குறைப்பது. அணைக்கட்டிலிருந்து பீஞ்சமந்தை மலைக்கு வாரம் நாலு நாள் பைக்கில் ஏறி இறங்கும் களப்பணியாளருக்குப் பெட்ரோல் பங்க்கில் சேவைத் தள்ளுபடி எதுவும் கிடையாது. அவர் ஒரு வருடம் பார்ப்பார், இரண்டு வருடம் பார்ப்பார், அப்புறம் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிடுவார். மலைக் கிராமங்களில் அவர் சம்பாதித்து வைத்திருந்த பழக்கமும் நம்பிக்கையும் அவரோடு போய்விடும். புதிதாக வருபவருக்கு அதைப் பிடிக்கவே ஒரு வருடம் ஆகும், அந்தச் செலவை யாரும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

அடுத்தது தப்பான இடத்தோடு ஒப்பிடுவது. பத்துப் பேர் இருக்கிற டிரஸ்ட், "வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இவ்வளவு தர்றாங்களாம்" என்று பேச ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேராது. சென்னை அமைப்பின் சம்பளப் பட்டியலை அப்படியே குடியாத்தத்துக்கு இறக்குவதும் அதே கதைதான். உங்கள் அளவு, உங்கள் வட்டாரம், அதே வேலை, இந்த மூன்றும் பொருந்துகிற நாலைந்து இடங்களில் விசாரித்துக் குறித்து வையுங்கள், போதும்.

நிறுவனர் சம்பளத்துக்கு வருவோம், சிக்கல் அதிகம் இங்கேதான். "நான் ஒரு பைசா வாங்கறதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்கள். வவுச்சரைப் பார்த்தால் கார் டீசல், வீட்டு வாடகை, போன், மகனின் லேப்டாப் எல்லாம் டிரஸ்ட் கணக்கில் இருக்கும். நேராக ஒரு சம்பளம் வாங்கி வரி கட்டியிருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நிஜமாகவே எதுவும் வாங்காத நல்லவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்குப் பிறகு வருபவருக்கு எவ்வளவு கொடுப்பது? பட்ஜெட்டில் அந்த இடம் இத்தனை வருடமும் பூஜ்யம். திடீரென்று 40,000 என்று போட்டால் பழைய போர்டு உறுப்பினர்களுக்கு அது கொள்ளையாகத் தெரியும்.

குடும்பத்தினருக்குச் சம்பளமே தரக்கூடாது என்று சிலர் பயப்படுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிறுவனர், டிரஸ்டி, அவர்களது உறவினர் போன்றோருக்குச் செய்த வேலைக்கு நியாயமான தொகையைத் தரலாம், அதற்கு மேல் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. 1961 வருமான வரிச் சட்டத்தின் 13வது பிரிவு சொன்னது இதைத்தான். மருமகள் நிஜமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாரா, அதே வேலைக்கு வெளியாள் வந்தால் என்ன கொடுப்பீர்கள்? இதற்கு எழுத்தில் பதில் இருக்கட்டும்.

அப்புறம் "மதிப்பூதியம்" என்று சம்பளத்துக்குப் பெயர் மாற்றி பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டிலிருந்தும் தப்பிக்கும் பழக்கம். பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும் (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை), இருபது பேர் இருந்தால் பி.எஃப்.பும் வரும் என்பதுதான் பொதுவான விதி. 13,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அமைப்பு செலுத்த வேண்டிய பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஏறக்குறைய 423. கிராஜுவிட்டி வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்துப் போட்டால் 7,500, மாதத்துக்கு 625. ஆக அந்த ஊழியருக்கு மாதம் ஏறக்குறைய 15,600 வேண்டும். நிதி கேட்கும்போதே இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து அவர் கிளம்பும்போது 75,000 எங்கே என்று தேடிய டிரஸ்ட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே வேலைக்கு இரண்டு திட்டத்தில் இரண்டு சம்பளம் போடுவதும், 6,000க்குக் கையெழுத்து வாங்கி 4,000 கொடுத்து மீதியை "நன்கொடை" என்று எழுதிக்கொள்வதும் இன்னும் நடக்கிறது. இரண்டாவதை நானே என் முதல் வேலையில் அனுபவித்தேன். இது சம்பளக் குறைப்பு கூட இல்லை, பொய்க் கணக்கு.

வெளிநாட்டு நிதி வாங்குபவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்தில், அந்த நிதியில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியதும், பயந்துபோய் எல்லார் சம்பளத்திலும் கை வைத்தவர்கள் உண்டு. ஆஸ்பத்திரி நடத்தினால் டாக்டர் சம்பளமும், பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளமும் அந்த 20க்குள் வராது. கமிட்டி உறுப்பினர்கள் வாங்கும் சம்பளமும் பயணச் செலவும் வரும். வெட்டுவதற்கு முன் ஆடிட்டரிடம் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்வது. அமெரிக்காவில் யுனைடெட் வே அமைப்பின் தலைவர் 1992இல் தன் சம்பளமும் செலவுகளும் வெளியில் வந்து பதவி விலகினார். அங்கே இப்போது பெரிய அமைப்புகளின் மேல்மட்டச் சம்பளம் வருடாந்திர வரிப் படிவத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சம்பந்தமில்லாதவர்கள் முடிவு செய்தார்களா, ஒத்த இடங்களின் சம்பளத்தைப் பார்த்தார்களா, உடனே எழுதி வைத்தார்களா என்ற மூன்றும் இருந்தால் அந்த நாட்டு வரித்துறை எளிதில் குறை சொல்லாது. இந்தப் பழக்கம் நம் ஊருக்கும் பொருந்தும். போன வருடம் ஒரு சின்ன டிரஸ்ட்டில் இயக்குநரை "வெளிய போய் டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்று அனுப்பிவிட்டு மற்றவர்கள் பேசினார்கள். அவர் திரும்புவதற்குள் மினிட் புத்தகத்தில் ஏழு வரி ஏறியிருந்தது, அவர் கேட்கக் கூச்சப்பட்டதைவிட மூவாயிரம் அதிகமாக.