வீட்டில் தயாரித்த பீரை ஊற்றும் முறை
வீட்டில் தயாரித்த பீரை நண்பர்களோடு பகிரும் முன், புட்டியை ஒரு நாள் முழுவதும் குளிர்பெட்டியில் நிற்கவைத்துவிடுங்கள். புட்டிக்குள்ளேயே மீண்டும் நொதித்து வாயு ஏறும் பீரில் ஈஸ்ட் அடியில் வெண்படிவாகத் தங்கும். படுக்கவைத்தால் அது பக்கவாட்டில் ஒட்டி, ஊற்றும்போது கலந்து, புளித்த மாவின் வாடையைத் தரும். குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, இடையில் புட்டியை நிமிர்த்தாமல் ஒரே சீராக ஊற்றி, படிவு கழுத்தை நெருங்கியதும் ஒரு விரற்கடை பீரை மீதம் விட்டு நிறுத்துங்கள். நிமிர்த்தினால் அடிப்படிவு கிளம்பிவிடும் என்பதால் இதுவே மிக முக்கியம். ஜெர்மனியின் ஹெஃபெவைட்சன் எனும் கோதுமைப் பீருக்கோ கடைசிப் பகுதியைச் சுழற்றி ஈஸ்ட்டோடு ஊற்றுவதே வழக்கம். ஸ்டவுட் எனும் கரிய பீரை 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் பருகுங்கள். கடுங்குளிரில் வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) காப்பி மணம் எழாது.