வால்டுர்: உங்கள் லேப்டாப்பிலேயே ஒரு கிளவுட் சந்தை கட்டுவது எப்படி?

வேலூரில் காட்பாடி, பாகாயம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு யோசனை கேட்டால், நூலக மேலாண்மையும் வருகைப் பதிவும் வேண்டாம், கிளவுட் சந்தை ஒன்றைக் கட்டிப் பாருங்கள் என்பேன். சர்வர், சேமிப்பு போன்றவற்றை இணையம் வழியாக வாடகைக்கு விற்கும் கடை அது. "அண்ணா, அதுக்கு டேட்டா சென்டர் வேணுமே?" என்பார்கள். வேண்டாம். நேதாஜி மார்க்கெட் கமிஷன் மண்டிக்காரர் காய்கறி பயிரிடுவதில்லை. விளைந்ததை வாங்குபவரிடம் சேர்த்து, சிட்டை போட்டு, கணக்கு வைப்பதுதான் அவர் தொழில். கிளவுட் சந்தையும் அப்படித்தான். சர்வர் யாருடையதாகவும் இருக்கலாம். பட்டியல், ஆர்டர், ஒப்புதல், பில் ஆகியவை உங்களுடையவை.

இதற்கு நான் பரிந்துரைப்பது வால்டுர். எஸ்டோனியாவில் உருவான திறமூல மென்பொருள், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம். இரண்டு பெரிய பாகங்கள். மாஸ்டர்மைண்ட் என்பது பைத்தான், ஜாங்கோவில் எழுதிய பின்பகுதி. ஹோம்போர்ட் என்பது ரியாக்டில் எழுதிய முகப்பு. கூடவே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் ராபிட்எம்க்யூ என்ற செய்தி வரிசையும் ஓடும். எல்லாவற்றையும் டாக்கர் ஒன்றாகக் கட்டித் தந்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள் அது. பெட்டிக்கான அச்சு படிமம். பல பெட்டிகளைச் சேர்த்து ஓட்டுவது கம்போஸ்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள்.

படி 1: மெஷினைத் தயார் செய்வது

உபுண்டு 22.04 அல்லது 24.04 இருந்தால் நல்லது. ரேம் 8 ஜிபியாவது வேண்டும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வழியாக உபுண்டு போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது சாதாரணமாக மெஷினின் பாதி ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப்பில் 4 ஜிபிதான் கிடைக்கும், வால்டுர் மூச்சு வாங்கும். விண்டோஸில் செய்வதானால் 16 ஜிபி மெஷின் தேடுங்கள்.

டாக்கரை அதன் அதிகாரப்பூர்வ தளம் சொல்லும் ஆப்ட் களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். உபுண்டுவின் ஸ்னாப் கடையில் இருப்பது வேண்டாம், பின்னால் கோப்பு அனுமதியில் தகராறு செய்யும். இன்னொன்று: பழைய வீடியோக்களில் டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவே சின்னக் கோடு போட்டு அடிப்பார்கள். அந்த முதல் பதிப்புக்கு 2023 ஜூலையோடு ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது கோடு இல்லை, இடைவெளிதான்.

நிறுவிய பிறகு உங்கள் பயனரை டாக்கர் குழுவில் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி, கேட்கும்.

படி 2: இறக்குவது, ஓட்டுவது

கிட்ஹப்பில் வால்டுர் என்ற கணக்கின் கீழ் "வால்டுர்-டாக்கர்-கம்போஸ்" என்ற களஞ்சியம் இருக்கிறது. அதை "ஜிட் க்ளோன்" செய்து, அதாவது உங்கள் மெஷினுக்கு நகலிறக்கி, கோப்புறைக்குள் போங்கள். அங்கே மாதிரியாக வைத்திருக்கும் என்வ் கோப்பை, அதாவது அமைப்பு மதிப்புகள் இருக்கும் கோப்பை, நகலெடுத்து, "டாட் என்வ்" என்ற பெயரில் சேமியுங்கள். டாட் என்பது முன்னால் வரும் புள்ளி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் ரகசியச் சாவியும் மாதிரி மதிப்புகளோடு இருக்கும். மாதிரி என்றால் உலகத்துக்கே தெரிந்தது என்று பொருள். முதல்முறை ஓட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தன் கடவுச்சொல்லை முதல் ஓட்டத்தில் மட்டும்தான் அந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்புறம் கோப்பில் மாற்றினால் உள்ளே மாறாது, இணைப்புதான் அறுந்துபோகும். இந்தக் கோப்பு உங்கள் சொந்த கிட்ஹப்புக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி "டாக்கர் கம்போஸ் புல்". இறங்கட்டும். பிறகு "டாக்கர் கம்போஸ் அப் -டி". முதல்முறை தரவுத்தள அட்டவணைகளை எல்லாம் உருவாக்க வேண்டும் என்பதால் சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் பிரவுசரில் பிழை வந்தால் பதறாதீர்கள். "டாக்கர் கம்போஸ் பிஎஸ்" அடித்தால் எது ஓடுகிறது, எது விழுந்தது என்று தெரியும். "டாக்கர் கம்போஸ் லாக்ஸ்" அடித்தால் ஏன் விழுந்தது என்று தெரியும். பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் பார்க்காமல் மேலேயும் படியுங்கள். முதலில் வந்த பிழைதான் பெரும்பாலும் நிஜமான காரணம்.

நம் கல்லூரி லேப்டாப்புகளில் அடிக்கடி வருவது போர்ட் சண்டை. என்றைக்கோ பிஎச்பி வகுப்புக்காகப் போட்ட ஸாம்ப் என்ற வெப்சர்வர் தொகுப்பு பின்னால் ஓடிக்கொண்டு, இணையப் பக்கங்களுக்கான வாசலான 80ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்ததும், முழுச் சந்தையையும் நிர்வகிக்க ஓர் ஆபரேட்டர் கணக்கு வேண்டும். மாஸ்டர்மைண்ட் வொர்க்கர் கண்டெய்னருக்குள் "வால்டுர் கிரியேட்ஸ்டாஃப்யூசர்" என்ற கட்டளையைப் பயனர்பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல் மூன்றும் கொடுத்து ஓட்டுங்கள். முழு வரியும் களஞ்சியத்தின் ரீட்மீ கோப்பிலேயே இருக்கிறது. அதே இடத்தில் "லோட்_கேட்டகரீஸ்" கட்டளையும் இருக்கும். அது மெய்நிகர் மெஷின், சேமிப்பு போன்ற வகைகளைச் சந்தைக்குள் ஏற்றும். பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் போங்கள். பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால், உங்கள் மெஷின்தானே, தாண்டிப் போகலாம்.

படி 3: கடை பரப்புவது

இதுவரை செய்தது ஒரு மதிய வேலை. உண்மையான வேலை இங்கேதான். நிறைய பேர் முகப்பு தெரிந்ததும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். காலியான கடைக்கு மதிப்பெண் எதற்கு?

முதலில் இரண்டு நிறுவனங்களை உருவாக்குங்கள். ஒன்று விற்பவர், அதைச் சேவை வழங்குநராகப் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று வாங்குபவர். ராணிப்பேட்டையில் ஒரு லெதர் கம்பெனி, தன் இணையதளத்துக்குச் சின்ன சர்வர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் கீழ் ஒரு ப்ராஜெக்ட் திறக்க வேண்டும். வாங்கும் எதுவும் ஏதாவது ஒரு ப்ராஜெக்டில்தான் போய் உட்காரும்.

அடுத்து விற்பவரின் பக்கம் வந்து ஓர் ஆஃபரிங், அதாவது விற்கும் சரக்கின் விவரம், எழுதுங்கள். வகை கேட்கும்போது ஓபன்ஸ்டாக், ஸ்லர்ம் என்று பெரிய சர்வர் கூட்டங்களை நிர்வகிக்கும் மென்பொருள்களின் பெயர்கள் தெரியும். தொடாதீர்கள். கோரிக்கை அடிப்படையிலான எளிய வகையே போதும். ஆர்டர் வந்தால் ஆள் பார்த்து, கையால் சர்வர் அமைத்து, ஒப்புதல் தருவது அது.

ஆஃபரிங்குக்குள் கூறுகள், அதாவது காம்பொனென்ட்கள், உண்டு. எதை அளந்து விற்கிறீர்கள் என்பது இது. ஒவ்வொன்றுக்கும் பில் போடும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் பிறந்தால் எப்படியும் வரும் தொகை நிலையானது. வாங்குபவர் முன்கூட்டியே "இவ்வளவு வேண்டும்" என்று கேட்டு வைப்பது வரம்பு. ஓடிய அளவுக்கு மட்டும் காசு என்றால் அது பயன்பாடு. சேர்க்கைக் கட்டணம் மாதிரி ஒருமுறை வாங்குவதும் உண்டு. கோர், ரேம், சேமிப்பு மூன்றுக்கும் வரம்பு பொருந்தும். நெட் டிராஃபிக்குக்குப் பயன்பாடு. இதை மாற்றிப் போட்டால், சர்வரைச் சும்மா பிடித்து வைத்திருப்பவருக்கு பில் பூஜ்யம் என்று வரும்.

பிறகு திட்டம், அதில் விலை. பயிற்சிக்காக ஒரு கோருக்கு 150 ரூபாய், ரேம் ஒரு ஜிபிக்கு 50, சேமிப்பு ஒரு ஜிபிக்கு 4 என்று போடுங்கள். லெதர் கம்பெனி 2 கோர், 4 ஜிபி ரேம், 40 ஜிபி சேமிப்பு கேட்டால் 300 + 200 + 160, ஆக மாதம் 660 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 118.80 சேர்த்தால் 778.80. இந்தத் தொகையைக் காகிதத்தில் போட்டு வைத்துக்கொண்டு பிறகு திரையோடு ஒப்பிடுங்கள். ஐரோப்பிய மென்பொருள் என்பதால் நாணயம் யூரோவாகத் தெரிந்தால், அமைப்புகளில் ரூபாய்க்கு மாற்றுங்கள்.

ஆஃபரிங் முதலில் வரைவாகத்தான் இருக்கும். செயல்படுத்தினால்தான் கடையில் தெரியும். வாங்குபவராக உள்ளே நுழைந்து ஆர்டர் போடுங்கள். விற்பவராக வந்து ஒப்புதல் கொடுங்கள். இரண்டையும் ஆபரேட்டர் கணக்கிலிருந்தே செய்து பார்க்காதீர்கள். அதற்கு எல்லாக் கதவும் திறக்கும், அனுமதியில் எங்கே ஓட்டை என்றே தெரியாது. தனித்தனிப் பயனர்கள், தனித்தனி பிரவுசர் விண்டோ.

உண்மையிலேயே தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மற்றவர்கள் சேவையை உங்கள் தளத்தில் விற்று, பணத்தை நீங்கள் வசூலித்துக் கொடுத்தால் அந்தச் சலுகை பொருந்தாது. மின்வணிக ஆபரேட்டராகப் பதிவு செய்தாக வேண்டும். முதல் ஆர்டருக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். லேப்டாப்பில் வைத்தும் ஓட்ட முடியாது. மாதம் பிறந்தால் பில் போடுவது போன்ற வேலைகளைத் தட்டி எழுப்புவது பீட் என்ற கண்டெய்னர். மாதாந்திர பராமரிப்புக்கு கரண்டை நிறுத்தும் நாளில் அதுவும் தூங்கிவிடும். தவிர, நம் வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றுக்குத் தனிப் பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே வந்து சேரும் முகவரி, கிடையாது. ஒரு விபிஎஸ், அதாவது வாடகை மெய்நிகர் சர்வர், எடுத்துவிடுங்கள்.

படி 4: நீங்களே பில்ட் செய்வது

ஓட்டிப் பார்த்தாயிற்று, இனி நிரலில் கை வைக்கலாம். ஹோம்போர்ட் களஞ்சியத்தை க்ளோன் செய்து, சின்னதாக ஒரு மாற்றம், ஒரு பொத்தானின் வாசகம் போதும். அந்தக் கோப்புறையில் இருக்கும் டாக்கர்ஃபைலை வைத்து "டாக்கர் பில்ட்" ஓட்டி, படிமத்துக்கு உங்கள் பெயரில் டேக், அதாவது அடையாளச் சீட்டு, கொடுங்கள். முகப்பு பில்ட் ரேமை நன்றாகத் தின்னும். பாதியில் நின்றால் ஓடும் கண்டெய்னர்களை நிறுத்திவிட்டு முயலுங்கள். பிறகு கம்போஸ் கோப்புறையின் அமைப்புகளில் ஹோம்போர்ட் படிமத்தின் பெயரையும் டேகையும் மாற்றி, மறுபடி "அப் -டி". மாறிய கண்டெய்னர் மட்டும் புதிதாக எழும்.

பதிப்பு ஏற்றும்போது "லேட்டஸ்ட்" என்ற டேகை நம்பாதீர்கள். எண் போட்ட பதிப்பைக் குறிப்பிடுங்கள், ஏற்றுவதற்கு முன் "பிஜி_டம்ப்" கட்டளையால் தரவுத்தளத்தின் நகலை எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். நிறுத்துவதற்கு "டாக்கர் கம்போஸ் டவுன்" போதும். யாராவது பின்னால் -வி சேர்க்கச் சொன்னால் சேர்க்காதீர்கள். டாக்கர் தரவைச் சேமித்து வைக்கும் வால்யூம்களையும் அழிக்கும் கட்டளை அது. தரவு அங்கே இருந்தால் லெதர் கம்பெனியின் ஆர்டரும் அதோடு போய்விடும்.